முகம் பார்த்தால் மட்டும் கேட்கும்

முகத்துக்கு நேரே பேசினால் டாண் டாண் என்று பதில் சொல்கிறான். முதுகுக்குப் பின்னால் பேசினால் மட்டும் செவிடு.

சுத்த நடிப்பு என்று முடிவு கட்டிவிட்டாள் அண்ணி.

நடிப்பில் கொழுந்தன் கில்லாடிதான். வீட்டு ஓனரின் உறுமல், செய்தி வாசிப்பவரின் இழுவை, அண்ணியின் தும்மல் வரை அச்சு அசலாகச் செய்வான். இன்னும் பேச்சு வராத அவள் மகளுக்கு, "சித்தப்பா சொல்லு" என்று விதவிதமான குரலில் பாடம் எடுப்பதும் அவன்தான். அவன் காதிலும் மிஷின், குட்டியின் காதிலும் மிஷின். இரண்டுக்கும் ஒரே பொத்தான் பேட்டரி.

காகித விலை ஏறி அச்சகத்தில் ஆள் குறைத்ததிலிருந்து அவன் வீட்டோடுதான். குரல் விளையாட்டும் நின்றுவிட்டது.

மருந்துக் கடையில் பேட்டரி விலை கேட்டாள்.

"இவ்வளவா? போன மாசம் பாதிதானே?"

"போன மாச விலை செத்துப் போச்சும்மா. நம்ம பணம் விழ விழ, வெளியிலேருந்து வர்றதெல்லாம் ஏறுது."

"இங்க மட்டும்தானா?"

"உலகம் பூரா இதே அழுகைதான். டாலர் கொழுத்தா மத்தவன் எல்லாம் மெலியணும்."

வெறுங்கையோடு திரும்பினாள். 'மிஷின் நின்னா, குழந்தை இதுவரை கத்துக்கிட்டதும் போயிடும்' என்று பேச்சுப் பயிற்சி டீச்சர் சொன்னது வழியெல்லாம் கூடவே வந்தது.

வீட்டில் குட்டியின் மிஷின் டப்பாவைத் திறந்தால், பிரிக்காத பேட்டரி அட்டை ஒன்று. கணவர் வாங்கியிருக்கிறார். அப்பாடா.

சமையலறையில் கொழுந்தன் முதுகைக் காட்டியபடி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். குழாய் கொட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, குழாயை மூடுங்க."

அசையவில்லை.

"சாப்பிடக் கூப்பிட்டா மட்டும் நல்லாக் கேக்கும்."

அதற்கும் அசையவில்லை.

கணவர் உள்ளே வந்தார்.

"நல்லவேளை, பேட்டரி வாங்கிட்டீங்க."

"நானா? நீ வாங்கினேன்னுல்ல நினைச்சேன்."

 அண்ணி நேரே போய், கொழுந்தன் காதிலிருந்த மிஷினைக் கழற்றி, அதன் குட்டிக் கதவைத் திறந்தாள்.

உள்ளே ஒன்றுமில்லை.

திடுக்கிட்டுத் திரும்பியவன் அவள் உதட்டையே பார்த்தான். "வேலை வெட்டி இல்லாதவனுக்கு எதுக்கு அண்ணி சத்தம்?" என்று சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

வாசற்படியில் குட்டி வந்து நின்றாள்.

"சித்... தப்பா."

முதல் சொல். தெளிவாக.

அவன் மும்முரமாகத் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.