டிராக்டருக்குத்தான்

"டிராக்டருக்குத்தான் மக்கா" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார் துரைப்பாண்டி.

நஸ்ரின் பானு சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ராஜபாளையம் ரோட்டில் பேட்டரிக் கடை வைத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. வெள்ளாமை பண்ணுகிற கரிவலம்வந்தநல்லூர் சம்சாரிகள் டிராக்டருக்கு என்னென்ன கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? "உப்புக்காத்து பட்டாத் தாங்குமா?" என்று இவரைத் தவிர இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

சங்கரன்கோவிலில் உப்புக்காற்றுக்கு எங்கே போக! மழையே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஊர்.

கதை அவளுக்குத் தெரியும். அவருடைய ஒரே மகள் சுமதி, உவரிக்காரன் பிரபினைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகிறது. பையனுக்குக் கடல் தொழில். கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. மகளோடு பேச்சும் இல்லை.

ஆனாலும் சுமதி தினமும் வாட்ஸப்பில் ஏதாவது பேசி அனுப்புவாள். இவர் பதில் போட மாட்டார், ஒன்று விடாமல் கேட்பார். சத்தத்தைக் குறைக்கத் தெரியாது. அதனால் டீக்கடையில் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்துதான் கேட்பார்கள். "வள்ளம் நடுவுல நின்னுட்டுப்பா. அவுக கரை சேர மத்தியானம் ஆயிட்டு" என்று போன வாரம் அவள் அழுததும் அப்படித்தான் ஊருக்கே தெரிந்தது.

கடை வாசலில் நிற்கிற டிராக்டரின் நெற்றியில் 'சுமதி' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பேரை வாயால் சொல்லவும் மாட்டார், அழிக்கவும் மாட்டார்.

"சரி அண்ணாச்சி, டிராக்டருக்கு என்ன கோளாறு?"

"செல்ப் அடிச்சா ஒயர்லெஸ் அணைஞ்சிருது. வழி காட்டுத பெட்டியும் அணைஞ்சிருது." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டிராக்டரில் ஒயர்லெஸ்! அவள் காதிலேயே விழாத மாதிரி இருந்தாள். மனுஷன் இவ்வளவு தூரம் இறங்கி வந்ததே பெரிசு.

இன்ஜினைக் கிளப்புகிற நேரத்தில் செல்ப் மோட்டார் பேட்டரியை உறிஞ்சிவிடும். பன்னிரண்டு வோல்ட் சட்டென்று ஒன்பதுக்கு இறங்கும். டிராக்டரில் அப்படி நடந்தால் பாட்டு நிற்கும், அவ்வளவுதான். கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்தால்? பேட்டரி எவ்வளவு தள்ளாடினாலும் பன்னிரண்டை விடாமல் கொடுக்கிற பெட்டி ஒன்று நடுவில் வேண்டும்.

மூன்று பெட்டிகளை எடுத்துப் போட்டாள். எது நல்லது என்று சொல்லவில்லை. சொன்னால் நம்புகிற ஆளா அவர்?

டிராக்டர் பேட்டரியில் பெட்டியை மாட்டி, பெட்டியில் ஒரு பழைய கார் ரேடியோவை மாட்டினாள். வானொலியில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் பெட்டி. சாவியைத் திருகினார். நாதஸ்வரம் அறுந்து, இரண்டு செகண்டில் திரும்பி வந்தது.

"ரெண்டு செகண்டுதான அண்ணாச்சி" என்றாள், வேண்டுமென்றே.

அவர் முறைத்த முறைப்பில் பெட்டி தானாகவே ஓரத்துக்குப் போயிற்று.

இரண்டாவதில் பாட்டு நிற்கவில்லை. ஆனால் கூடவே 'கர்ர்' என்று ஓர் இரைச்சல். "ஆவாது. அந்தப் பக்கம் பேசுதது காதுல விழணும்லா" என்றார்.

மூன்றாவது, உள்ளே பிசின் ஊற்றி ஈரம் புகாமல் அடைத்த கனத்த பெட்டி. திருகினார். இன்ஜின் உறுமியது. நாதஸ்வரக்காரர் மூச்சுவிடாமல் வாசித்துக்கொண்டே இருந்தார்.

அணைத்தார். மறுபடி திருகினார். மறுபடி. ஏழு தடவை. எதிர்ப் பக்கம் டீ குடித்தவர்கள் வண்டி தள்ளணுமா என்று எழுந்தே வந்துவிட்டார்கள்.

"போதும் அண்ணாச்சி, பேட்டரி படுத்துரும்."

இறங்கி வந்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் பாஸான பிள்ளைகூடத் தோற்றுப்போகும். அவளுக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடித்துப்போனது.

வாரண்டி அட்டையை எடுத்தாள். வாங்குபவர் பேர் எழுதியாயிற்று. அடுத்த வரியில் பேனாவை நிறுத்தினாள்.

"எதுல மாட்டப் போறீங்களோ அது பேரு எழுதணும். சொல்லுங்க."

அப்படி எழுதியே ஆகவேண்டும் என்று ஒன்றும் இல்லை. இன்றைக்காவது அந்த வாய் 'சுமதி' என்று சொல்லிவிடாதா என்ற ஆசைதான்.

அவர் டிராக்டர் பக்கம் திரும்பவே இல்லை. சட்டைப்பையில் இருந்து போனை எடுத்து, துடைத்து, தயங்கி, அவளிடம் நீட்டினார்.

மகள் அனுப்பிய படம். மணலில் புதுசாக நீலம் அடித்த ஒரு வள்ளம். பக்கத்தில் பெயிண்ட் பிரஷ்ஷோடு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான் பிரபின். வள்ளத்தின் மூக்கில், இன்னும் ஈரம் காயாத பெரிய எழுத்து.

துரைப்பாண்டி.

"பய எம்பேரைப் போட்டு வச்சிருக்கான்" என்றார், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "அது நடுக்கடல்ல போயி வாயடைச்சு நிக்கலாமா மக்கா?"