பம்ப் ஓடுதா?

“என்ட கடல் எங்க?”

கட்டாரிலிருந்து இலங்கைக்கு வந்திறங்கிய நஸீம் தோள்பையைக்கூடக் கழற்றவில்லை. கஹவத்தை பஸாருக்குப் பின்னாலிருந்த தன் வீட்டுக் கூடத்தில், பெரிய கண்ணாடித் தொட்டியின் முன் நின்று கத்தினான்.

நோன்புப் பெருநாளுக்கு வந்துவிட்டுப் போனபோது அதற்குள் பவளங்கள் விரிந்திருந்தன. நடுவே கோமாளி மீன்கள் ஒளிந்து விளையாடின. இப்போது சாம்பல் நிறக் கற்களைச் சுற்றி நன்னீரில் வாழும் மஞ்சள் சிக்லிட் மீன்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பே இல்லை.

“குழாத் தண்ணியா ஊத்தின?”

“ஓ, அதத்தான் ஊத்தினேன்,” என்றாள் அவன் மனைவி நூரியா. கழுவிய கல்லொன்றைத் தொட்டிக்குள் மெதுவாக இறக்கினாள். “உப்புக் கறையெல்லாம் வினாகிரி போட்டுத் தேச்சேன். வெறும் தொட்டியப் பாத்துட்டு இருக்க ஏலாது.”

நஸீமுக்குக் கோபம் தலைக்கேறியது. நகமளவு துண்டுகளாகக் கொண்டுவந்து, கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் வளர்த்த பவளங்கள் அவை.

“போன கிழமையும் வீடியோ அனுப்பினியே! எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு!”

“அது பழைய வீடியோ. அந்த அடமழையோடயே எல்லாம் செத்துட்டு.”

அந்த நாள் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லையென்று கேள்விப்பட்டுத் தவித்துக்கொண்டிருந்தபோது இவளே அவனுக்குப் போன் எடுத்தாள். “பம்ப் ஓடுதா?” என்றுதான் முதலில் கேட்டான். “ஓடுது,” என்றாள், குரலே எழும்பாமல். பின்னால் ஒரு பெண் சிங்களத்தில் யார் யார் பெயரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஜெனரேட்டரில் ஓடும் டிவியாக்கும் என்று நினைத்து, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று போனை வைத்துவிட்டான்.

“பொய்க்காரி! ஜெனரேட்டர் வாங்கித் தந்தது எதுக்கு? ஒரு பட்டன அழுத்த ஏலாமப் போச்சா?”

“அண்டைக்கு நான் வீட்டுல இல்ல.”

“வாயில்லாச் சீவனெல்லாம் மூச்சு முட்டிச் செத்திருக்கு! ஊர் சுத்தப் போனியா? ஒனக்கு ஒரு துளி இரக்கம் இல்லையா?”

அவள் இன்னொரு கல்லை எடுத்துத் தொட்டிக்குள் இறக்கினாள். அது அவனை இன்னும் கொதிக்க வைத்தது. தொட்டிக்குள் கையை விட்டு ஒரு கல்லைப் பிடுங்கித் தரையில் அடித்தான். தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது.

“எங்க போன? சொல்லு!”

“ஆஸ்பத்திரிக்கு!” முகத்தைத் துடைக்காமலே அவனை நேராகப் பார்த்தாள். இப்போது அவள் குரலும் உயர்ந்தது. “வார்டுல இருந்துதான் ஒங்களுக்குப் போன் எடுத்தேன். விசயத்தச் சொல்ல வாய் திறக்க முந்தி பம்பக் கேட்டீங்க. வெச்சுட்டீங்க.”

நஸீம் தொட்டியை விட்டு விலகினான். “ஆஸ்பத்திரியா? ஒனக்கு என்ன?”

“அண்டைக்கு மீன் மட்டும் சாகல்ல. என்ட வயித்துல இருந்த நம்மட புள்ளயும்தான்.”