தொட்டி கொடுத்த சீர்

கண்டனூர்க் கல்யாண வீடுகளில் மிஞ்சும் சோற்றையும் குழம்பையும் நானும் மரிய ஜெரால்டும் கூழாக அரைத்து, காற்றுப் புகாத தொட்டிக்குள் விடுகிறோம். அது அங்கே புளித்து அமிலமாகும். பெயிண்ட் செய்பவர்கள் வந்து வாங்கிப்போவார்கள். சல்லடையைத் தாண்டி ஒரு கடுகுகூட முழுசாக உள்ளே போகாது.

திங்களன்று தொட்டியின் வெளிக்குழாயிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளர் விழுந்தது. கழுவினேன். ‘ரோகிணி – மரிய ஜெரால்டு, திருமண அன்பளிப்பு’ என்று பெயர் வெட்டியிருந்தது. ரோகிணி நான்தான்.

“என்ன வெளாட்டு இது?” என்றேன்.

“மாதா சத்தியமா நான் வெட்டல. உங்ககிட்ட எப்படிக் கேக்குறதுன்னே இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்ற ஜெரால்டு, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் வேதக்காரப் பையன் என்றால் அப்பா என்ன சொல்வாரோ? சாயங்காலம் டம்ளரையே அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாத்திரத்துல பேரே வெட்டிட்டீக. இனிமே என்ட்ட என்னத்தக் கேக்குறீக?” என்று சிரித்தார்.

மறுநாள் அதே குழாயிலிருந்து, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை ஒன்று விழுந்தது. ‘ஆஷ்லின்’ என்று வெட்டியிருந்தது. கழுவப் போனேன். அதில் கொஞ்சம் பால் மிச்சமிருந்தது. சூடு இன்னும் ஆறவில்லை.