சுருங்காத விரல்கள்

"தண்ணி வெளையாட்டக் காலையிலேயே முடிச்சிரு ஷமீமா, மதியம் கூட்டம் அள்ளும். மாத்துத்துணி மறந்துராத," என்று முந்தின நாள் துபாயிலிருந்து கணவன் ரஃபீக் சொல்லியிருந்தான்.

"நீங்க?"

"எப்பவும்போல வாடகை உடம்புலதான். இந்தத் தடவ தண்ணியில நனைஞ்சாலும் கெடாத உடம்பாவே எடுத்திருக்கேன்!"

நீர் விளையாட்டுப் பூங்கா வாசலில், துபாயிலிருந்தபடியே ரஃபீக் இயக்கும் அந்த இயந்திர உடம்பு காத்திருந்தது. ரஃபீக்கின் குரலில் மகளைக் கொஞ்சியது. அலைக்குளத்தில் அவளைத் தோளில் சுமந்து ஆடியது. கரையேறியதும் ஹனா தன் ஊறிப்போன விரல்களைக் காட்டினாள்.

"வாப்பா, ஒங்க வெரலு மட்டும் ஏன் சுருங்கவே இல்ல?"

அது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டது.

ஷமீமா அதன் ஈரத் தோளைத் துண்டால் துடைத்தாள். ஒவ்வொரு விடுமுறையிலும் விழுங்கிய சொற்களை இன்று அவளால் விழுங்க முடியவில்லை.

"போதும் மச்சான். வேலைய விட்டுட்டு நீங்களே வந்துருங்க."