கோடு அழிந்த இரும்பு

வெல்டிங் வைத்த இரும்பைத் துண்டாக அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவி, நுண்ணோக்கியில் பார்ப்பது டெமா துறைமுகத்துக் கப்பல் பட்டறையில் டெடேயின் வேலை. சூடு பட்ட ஓரத்தில் இரும்புக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகள் வீங்கும், பெரியது சின்னதை விழுங்கும். ஆறியதும் நின்றுவிடும்.

இந்தத் துண்டு வெள்ளிக்கிழமையே ஆறிவிட்டது. ஆனால் திங்கள் காலை லென்ஸில் தினை அளவிருந்த மணிகள் மதியம் சோள அளவாகின. மாலையில் மணிகளைப் பிரிக்கும் கோடே இல்லை.

"பாஸா, பெயிலா அக்கா? எத்தன தடவதான் பத்தவைக்கிறது? இடுப்பே விட்டுப்போச்சு," என்றான் வெல்டர் ஒடார்ட்டே.

"இரும்பே தூங்கலடா, நான் என்ன பண்ண? நாளைக்குப் பாப்போம்," என்றாள் டெடே.

நாளெல்லாம் விரலிடுக்கில் பிடித்திருந்த துண்டை வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

வாசலில் கைரேகை இயந்திரம் அவள் கட்டைவிரலை ஏற்கவில்லை.

"கையத் தொடச்சிட்டு வைங்கம்மா," என்றான் காவலாளி.

துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பார்த்தாள். கட்டைவிரலில் ஒரு கோடும் இல்லை. சுட்டுவிரலில் பாதி இருந்தது.