எட்டு டைல்ஸ் தள்ளி

“பின்னால நிக்கற ஆளைப் பெத்த தாயே பார்த்தாலும் அடையாளம் தெரியக்கூடாது. அந்த மாதிரி லென்ஸ் இருக்கா?”

கட்டம் போட்ட சட்டைக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். கேமராக் கடை விற்பனையாளருக்கு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. பன்னிரண்டு வருஷமாக இந்தக் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் நிற்கிறவர். முகம் பளிச்சென்று விழ வேண்டும் என்று கேட்டு வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறார்.

“என்ன கேமரா சார்?”

“புதுசாக் கத்துக்கறவங்க வாங்குவாங்களே, அந்தச் சின்னது. நாளைக்கு எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம். பொண்ணோட தம்பிதான் படம் எடுக்கறான். அவன் கேமராவோட வந்த லென்ஸ்ல எடுத்தா, சுவத்துல ஊர்ற பல்லி வரைக்கும் துல்லியமா விழுது சார்!” ஏதோ கொள்ளை போனதைப் போலச் சொன்னார்.

விற்பனையாளர் மூன்று லென்ஸ்களை எடுத்து வைத்தார்.

“இது மூணும் ஜூம் ஆகாது. முப்பத்தஞ்சு எம்.எம்., அம்பது, எம்பத்தஞ்சு. நம்பர் ஏற ஏறப் பின்னால இருக்கறது நல்லா மங்கும். எம்பத்தஞ்சு பிரமாதம், ஆனா விலை அந்தக் கேமராவையே தாண்டிடும். முப்பத்தஞ்சு சுமாராத்தான் மங்கும். அம்பதுதான் இருக்கறதுலயே மலிவு. லென்ஸோட வாயை முழுசாத் திறந்து, ஒண்ணு புள்ளி எட்டுல வச்சு எடுத்தா, முன்னால இருக்கறவங்க மட்டும் ஜம்முனு தெரிவாங்க.”

“பின்னால?”

“புகைமூட்டந்தான்.”

“மலிவுங்கறீங்க. மூக்கு, மீசைன்னு ஏதாவது தப்பிச்சு வந்துடாதே?”

சொல்லிக்கொண்டே அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். கல்யாண மேடையின் படம். நடுவில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் இரண்டு வட்டம், எட்டடி முன்னால் கேமராவுக்கு ஒரு பெருக்கல் குறி. வட்டங்களுக்குப் பின்னால், திரையோரமாக, சிவப்பு மையில் ஒரு புள்ளி.

“இவருதான்” என்று புள்ளியைத் தொட்டுக் காட்டினார்.

“அவ்வளவு ஆகாதவர்னா கல்யாணத்துக்கே கூப்பிடாம விட்டுடலாமே?”

“நெருங்கின உறவு சார். எல்லாப் படத்துலயும் நின்னே ஆகணும். இல்லேன்னா அவரோட வீட்டுக்காரம்மா ஒரு வருஷத்துக்கு மூஞ்சி குடுத்துப் பேசமாட்டாங்க. படம் எடுக்கற பையனோ, எடுத்த அடுத்த நிமிஷமே ஊருக்கெல்லாம் அனுப்பிடுவான்.”

விற்பனையாளர் லென்ஸ்களை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “போலீஸ் கேஸ் ஏதாவது…”

“சேச்சே! தங்கமான மனுஷன். எறும்பு எதிர்ல வந்தாக்கூட ஒதுங்கிப் போறவர். அந்த மாதிரி ஒருத்தரை இந்தக் காலத்துல பார்க்கவே முடியாது.”

அப்பேர்ப்பட்டவரை எதற்காக மறைக்க வேண்டும் என்று கேட்க விற்பனையாளருக்கு நாக்கு துடித்தது. கேட்டால் கைக்கு வந்த வியாபாரம் போய்விடுமே. கேள்வியை விழுங்கிவிட்டு, கடைக் கேமராவில் ஐம்பதை மாட்டினார்.

பில் போடும் அக்காவைக் கடை நடுவில் நிறுத்தினார்கள். பின்னால் நிற்பதற்கு வாசல் காவலாளியைக் கூப்பிடலாம் என்று விற்பனையாளர் வாயெடுப்பதற்குள், “எதுக்கு? நானே நிக்கறேன்” என்று சட்டைக்காரர் ஓடிப்போய் நின்றுகொண்டார்.

மூன்று டைல்ஸ் தள்ளி நின்றபோது, படத்தில் சட்டைக் கட்டங்களை எண்ண முடிந்தது. ஐந்தில் கட்டங்கள் போயின, மூக்குக்கண்ணாடி போக மறுத்தது. ஒவ்வொரு படத்துக்கும் அவர் ஓடி வந்து பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி பின்னால் ஓடுவார்.

“எத்தனை வாட்டிதான் சிரிக்கறது? கன்னமெல்லாம் வலிக்குது” என்றார் அக்கா.

“ஒரு உயிர் விஷயம் அக்கா, இன்னும் ஒரே ஒரு தடவை” என்று கெஞ்சினார் சட்டைக்காரர்.

எட்டாவது டைல்ஸில், அலமாரியில் முதுகு இடிக்க நின்றார். இந்தத் தடவை படத்தில் அக்கா மகாராணி மாதிரி விழுந்திருந்தார். பின்னால் ஏதோ ஒன்று கொழகொழவென்று நின்றது.

“அக்கா, அது யாருன்னு தெரியுதா?”

அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “யாரா? ஃப்ரிட்ஜ் இல்லையா அது?”

சட்டைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. விற்பனையாளரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “ஒரு குடும்பத்தையே காப்பாத்திட்டீங்க சார். அம்பதையே குடுங்க.” பிறகு மேஜையில் குனிந்து, சிவப்புப் புள்ளியை அடித்துவிட்டு ஒரு விரற்கடை தள்ளி வேறொன்று வைத்தார்.

லென்ஸ் பெட்டியைப் பையில் போட்டுக் கொடுக்கும்போது விற்பனையாளரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. “தப்பா நினைச்சுக்காதீங்க. யார் சார் அந்தத் தங்கமான மனுஷன்?”

பதில் வருவதற்குள் சட்டைக்காரரின் செல்போன் அடித்தது. திரையில் ‘மேனேஜர்’ என்று இருந்தது. ஆள் சட்டென்று ஸ்டூலில் சரிந்தார். தோள் தொங்கியது, முகம் வாடியது. இரண்டு முறை இருமிவிட்டு, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரலில் பேசினார்.

“நாளைக்கும் ஆபீஸ் வர முடியாது சார்… இப்பதான் நர்ஸ் வந்து ட்ரிப்ஸ் மாத்திட்டுப் போறாங்க.”