உடையாத லேப்டாப்

“மூணாவது மேடம்! ஒரே வருஷத்துல மூணாவது லேப்டாப் போச்சு!”

சேல்ஸ் மேனேஜர் போட்ட சத்தத்தில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

முதலாளியம்மா எதிரே நின்ற பர்ச்சேஸ் பெண்ணைப் பார்த்தார். சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது.

“என்னம்மா இது? நாலு இடத்துல விசாரிச்சு, நல்லா உழைக்கிறதா வாங்க மாட்டியா?”

“விசாரிச்சேம்மா. வாங்கினவங்க எழுதின விமர்சனமெல்லாம் படிச்சேன். ஒருத்தர், ‘மாடிப்படியில உருண்டுச்சு, ஒரு கீறல்கூட விழலை’ங்கறார். இன்னொருத்தர், ‘மூடி கழண்டு கையோட வந்துடுச்சு’ங்கறார். எதை நம்பறதுன்னே...”

“உனக்கு எதை நம்பறதுன்னு தெரியலை. அதுக்கு நான் உடைஞ்ச ஸ்கிரீனை வெச்சுக்கிட்டு கஸ்டமர் முன்னாடி பல்லிளிக்கணும்!” மேனேஜர் பாய்ந்தார்.

“மத்தவங்களுக்கும் இதேதானே வாங்கினே?” என்று கேட்டார் முதலாளியம்மா.

“ஆமாம்மா. அதெல்லாம் நல்லாத்தான் ஓடுது.”

“பார்த்தீங்களா மேடம்? எனக்குன்னு ஓட்டை உடைசலைப் பொறுக்கித் தள்றா! கடைக்காரன்கிட்ட என்ன வாங்கினாளோ, யார் கண்டா?”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் அதை விழுங்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“இப்படி மென்னு முழுங்கினா நான் என்னன்னு நினைக்கறது?” முதலாளியம்மாவுக்கும் கோபம் ஏறியது.

அப்போது மேனேஜரின் போன் அடித்தது. அன்று காலைதான் வந்திருந்த புது லேப்டாப்பைத் திறந்து எதையோ தேடிக்கொண்டே பேசினார்.

“என்னது, ஆர்டர் வேண்டாமா? யோவ், நேத்து சரின்னியே... ஹலோ? ஹலோ!”

எதிர்ப்பக்கம் வைத்துவிட்டார்கள்.

“களவாணிப் பசங்க!”

லேப்டாப் மூடியின் மேல் ஓங்கி ஒரு குத்து. சடக்கென்றது. மூடி ஒரு பக்கமாகத் தொங்கியது.

எப்போதும் செய்கிற காரியம். எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே அவருக்கு அப்புறம்தான் உறைத்தது.

“மேடம், அது வந்து...”

“எழுந்திருங்க. சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. இனி இந்தப் பக்கம் வர வேண்டாம்.”

மேனேஜர் போய்க் கதவைச் சாத்தியதும், முதலாளியம்மாவின் ஆத்திரம் முழுக்க அந்தப் பெண் மேல் திரும்பியது.

“உனக்கு ரோஷமே கிடையாதா? உன்னைத் திருடிங்கறான், மரம் மாதிரி நிக்கறே! உடைக்கறது இந்த ஆள்தான்னு எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?”

அவள் முதல்முறையாக நிமிர்ந்து, அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

“எனக்கு முன்னாடி இந்த சீட்டுல இருந்த அக்கா வந்து சொன்னாங்கம்மா. மறுநாளே அவங்களை வேலையை விட்டு அனுப்பிட்டீங்க.”